மெடல் பறித்த அங்கிள்

மெல்பேர்னில் பொன்னாடைக்கு ஆசைப்பட்ட தமிழர்கள் ஆயிரம் பேர் உண்டு. ஆனால் அந்தப் பொன்னாடையே பார்த்துப் பயந்த தமிழர் ஒருவர்தான்: மல்கிரேவ் பக்கத்துக் கழுகு அங்கிள்.

ஞாயிற்றுச் சந்தையில் பழைய பொத்தான் பெட்டிக்குள் அவருக்கு ஒரு பதக்கம் அகப்பட்டது. இத்தாலியப் பாசிஸ்ட் ஆட்சியின் ‘ரோமக் கழுகு’ விருது. அன்றிலிருந்து மனிதர் அதைப் போட்ட பிஸ்கட் டின்னும் கையுமாகத்தான் திரிந்தார். யாருக்காவது பட்டம் கிடைத்தால் போதும், டின் திறந்துவிடும்.

“தம்பி, இது ரெண்டு வருசம் சொச்சம்தான் உயிரோட இருந்தது. யுத்தத்துக்கை பிறந்து யுத்தத்துக்கையே செத்துப்போச்சு. கூடுதலா ஜெர்மன்காரரைக் குளிர வைக்கக் குடுத்தது. ஆட்சி விழுந்து அடுத்த வருசமே ரத்து! அதை நெஞ்சில குத்தினவன் எல்லாம் எங்க ஒளிக்கிறதெண்டு தெரியாமல் நிண்டிருப்பான்.”

கலியாண வீட்டில் சொன்னார். அறுபதாவது பிறந்தநாளில் சொன்னார். ‘கவிச்சுடர்’ பட்டம் வாங்கி மேடையை விட்டு இறங்கிய என் மாமனாரிடமும் சொன்னார். மாமனார் அன்றிரவு சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சங்கமும் அங்கிளை அழைக்கவில்லை. அழைக்காமலே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

எங்கள் சங்கத்தின் கலைவிழாவுக்கும் அப்படித்தான் வந்தார். நான் செயலாளர். பிரதம விருந்தினராக வந்த கவுன்சிலர் அம்மாவுக்குப் பதக்கம் அணிவிக்க வேண்டும். பதக்கமோ கிரெய்கிபர்னில், பொருளாளர் வீட்டு மேசையில் பத்திரமாக இருந்தது. போய்வர இரண்டு மணித்தியாலம்.

தலைவர் மேடையிலிருந்து கண்ணால் என்னை எரித்தார். அங்கிள் தேத்தண்ணி எடுக்கப் போயிருந்தார். கதிரையில் டின். பதக்கம் பதக்கம்தானே என்று டின்னைத் தூக்கி, உள்ளே இருந்ததை எடுத்துத் தலைவரிடம் நீட்டிவிட்டேன். நாற்பது தடவை அவர் காட்டியும் ஒரு தடவைகூட நான் அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை.

தலைவர் ஊசியைத் திறக்கிறார். இருநூறு கைபேசிகள் படமெடுக்கத் தயார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: பாசிஸ்ட் விருதோடு கவுன்சிலர் படம் வெளியே போனால் மண்டபமும் போச்சு, சங்கமும் போச்சு, முதலில் நான் போச்சு.

முழங்கால் ஒப்பரேசன் செய்த அங்கிள் மேடைக்குப் பாய்ந்ததை அன்றுதான் பார்த்தேன். பதக்கத்தை வெடுக்கென்று பறித்தார்.

“என்ன அங்கிள் விசர் வேலை?” தலைவர் கத்தினார்.

அங்கிள் என்னைப் பார்த்தார். டின் என் கையில். என் முகத்தில் ரத்தம் இல்லை.

“இது என்ர மெடல். ஒருத்தருக்கும் தரமாட்டன்!”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. “கிழவனுக்குக் கடைசியில மெடல் ஆசை வந்திட்டுது!” கவுன்சிலர் அம்மாவும் சிரித்தபடி பதக்கத்துக்குப் பதிலாக இரண்டாவது பொன்னாடையை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்: “உண்மையைச் சொல்லியிருக்கலாமே அங்கிள்?”

“சொன்னா உம்மைத்தானே கிழிச்சிருப்பாங்கள். சாப்பிட்டனீரோ?”

மூன்று வருடமாக ஊர் அவரை ‘மெடல் பறிச்ச கிழவன்’ என்கிறது. அவரும் தலையாட்டிக்கொண்டு போகிறார். நேற்று இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“நல்லாயிருக்கு. ஆனா நீர் எடுத்து நீட்டின இடத்தை வெட்டிவிடும். நீர் பிள்ளை குட்டிக்காரன்.”

வெட்டவில்லை, அங்கிள். நீங்கள் எனக்கு அவ்வளவு வேண்டியவர்.