குவைத்து எண்ணெய்

குவைத்து நாட்டின் பொருளாதாரத்தை ஜெபதாஸ் ஜன்னலோரம் நின்று மூன்றாவது தடவையாக உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, குழாயடிக்கு வந்த காளியம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

அது 1966. ரங்கூன் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு 'மக்கள் கடை' ஆக்கியிருந்தது. ஏற்றுமதி இலாகாவில் குமாஸ்தாவான ஜெபதாஸுக்குப் புதுத் தலைவலி ஒன்று. மாதம் ஒரு குமாஸ்தா ஒரு நாட்டைப் பற்றி அலுவலகத்தில் பேச வேண்டுமாம். அவருக்கு விழுந்தது குவைத்து.

"எண்ணெயால் அங்கே வீட்டுக்கு வீடு செல்வம் கொழிக்கிறது" என்று படித்தார்.

அவர்கள் குடியிருந்த தாகேதா வட்டாரத்தில் தாளிக்க எண்ணெய் கண்டு இரண்டு மாதமாகியிருந்தது.

"குவைத்து எண்ணெய் நம்ம கடைக்கு என்னிக்கு சார் வருது?" என்றாள் காளியம்மா.

இது சமைக்கிற எண்ணெய் இல்லை, பூமிக்குள்ளிருந்து எடுப்பது, விளக்கெரிக்க, கார் ஓட்ட ஆகும் என்று ஜெபதாஸ் பொறுமையாக விளக்கினார். சமைக்கிற எண்ணெயோடு விளக்கெண்ணெயும் சேர்த்துத் தருகிறார்கள் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கப் பரவியது.

மறுநாள் காலையில் மக்கள் கடை வாசலில் முப்பது பெண்கள் போத்தலும் டின்னுமாக நின்றார்கள். ஜெபதாஸ் பதறிப்போய் ஓடினார். பேச்சை எண்ணெயிலிருந்து திருப்பிவிட்டால் போதும் என்று அவருக்குத் தோன்றியது.

"குவைத்துக்காரன் எண்ணெயை மட்டும் நம்பி உட்காரலைம்மா. நாளைக்கு அது தீர்ந்துட்டா என்ன செய்றதுன்னு மாவு மில்லு வைக்கிறான், இறால் பிடிக்கக் கப்பல் விடுறான்."

கூட்டம் கலைந்தது. அரை மணி நேரத்தில் மாவுக்குப் பையும் இறாலுக்குக் கூடையுமாகத் திரும்பி வந்தது, இரண்டு மடங்காக. டாலாவிலிருந்து ஆற்றைக் கடந்துகூட ஆள் வந்துவிட்டது. எதுவும் வராது, வீட்டுக்குப் போங்கள் என்று வரிசை நெடுகக் கெஞ்சிப் பார்த்தார். விவரம் தெரிந்த சாரே வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார் என்றால் சரக்கு குறைவாகத்தான் இருக்கும் என்று பின்னால் நின்றவர்கள் முன்னால் முண்டினார்கள்.

கடைத் தலைவர் ஊ சான் மியா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு டெலிபோனை எடுத்தார். போலீசுக்குத்தான் என்று நினைத்து ஜெபதாஸ் வீட்டுக்கு ஓடினார்.

வதந்தி கிளப்பினால் வேலை போய்விடும் என்று அவர் மனைவி மக்தலேனாவுக்குத் தெரியும். "அவங்க பிடிக்கிறதுக்கு முன்னால நீங்களே போய் ஒத்துக்கிட்டா மன்னிச்சாலும் மன்னிப்பாங்க" என்று அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள்.

சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஜெபதாஸ் கடைக்குள்ளே போனார். ஜன்னலோரம் படித்ததில் தொடங்கி இறால் கப்பல்வரை மூச்சுவிடாமல் பர்மியில் சொல்லி முடித்தார். அப்போதுதான் பின்கட்டிலிருந்து இரண்டு பேர் கடலை எண்ணெய்ப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போவதைப் பார்த்தார். வெளியே வரிசை ஆர்ப்பரித்தது.

"அப்ப நெசமாவே குவைத்துலேருந்து வந்துருச்சா?" என்றார், தன் கண்ணையே நம்பாமல்.

ஊ சான் மியா ரசீதுப் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"அது எங்கே இருக்குன்னே எனக்குத் தெரியாது. இது மூணு மாசமா நம்ம கிடங்குலதான் கிடக்குது. இதுவரைக்கும் யாரும் வந்து கேட்கலே."