ஜீப்பு லிஸ்டில் முதல் பேர்

போடி,
18-10-89

அப்புக்குட்டி,

சௌக்கியமா என்று முதலில் கேட்டு எழுத வேண்டும் என்பார்கள். உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானும் உன் தங்கச்சியும் இருக்கிறோம். ஆடியில் நீ போனதிலிருந்து இறங்காத சோறு இப்போதுதான் கொஞ்சம் இறங்குகிறது. நான் அஞ்சாப்பு வரை படித்தவள், தப்பிருந்தால் சிரிக்காதே.

சங்கதி என்னவென்றால், உன் எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் புது புரோகிராம் போட்டார்கள். மதுரையிலிருந்து ஒரு தம்பி பிளாப்பியோடு வந்து, பழசைவிட இது வேகம் என்று சொல்லி, போட்டுக் கொடுத்து, நாலு வடை தின்றுவிட்டு மத்தியான பஸ்சுக்கே போய்விட்டது. மறுநாளே நீ எழுதி வைத்த மேக்ரோவுக்குப் பேய் பிடித்துவிட்டது. தினமும் நீ அமுக்குகிற பட்டன்களை அதே வரிசையில் அதுவே அமுக்கி, எந்த ஜீப்பில் யார் மலைக்குப் போவது என்று லிஸ்டு அடித்துக் கொடுக்குமே, அதுதான். பழசில் ஒரு எழுத்தை அமுக்கினால் வரியைத் தாண்டுமாம், புதுசில் அதே எழுத்து பேர்களை மாற்றி அடுக்குமாம். மானேஜர் வேலுச்சாமி சொன்னார். உன் மேக்ரோவுக்கு அது எப்படித் தெரியும்? நீ சொல்லிவிட்டுப் போனதையே அமுக்கிக்கொண்டிருக்கிறது.

முதல் நாள் மருந்தடிக்கிற ஆம்பளைகள் ஏலக்காய் எடுக்கப் போனார்கள், காய் எடுக்கிற பொம்பளைகள் மருந்து டிரம்மோடு நின்றார்கள். ரெண்டாம் நாள், ஒன்பது வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ராமுத்தாயையும் அவள் மாமியாரையும் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்காருகிற மாதிரி ஒரே ஜீப்பில் போட்டுவிட்டது. போடிமெட்டு வரைக்கும் ரெண்டு பேரும் டிரைவர் முதுகிடமே திட்டித் தீர்த்ததில் அவன் மறுநாளிலிருந்து லீவு போட்டுவிட்டான். அவனுக்குப் பதிலாகத் தேவாரத்திலிருந்து கன்னையன் என்று ஒருத்தன் வந்தான். நம் வீட்டுச் சங்கதி தெரியாதவன். விடியலில் வாசலில் ஜீப்பை நிறுத்தி ஆரன் அடித்தான்.

“ஆத்தா, காசிமாயன் வீடு இதானே? வெரசா வரச் சொல்லு. மொதப் பேரே அவருதான்.”

நான் அடுப்படியில் இருந்தேன். “இந்தா வர்றான்ப்பா, செருப்பு மாட்டுறான்” என்றேன். சொன்ன பிறகுதான் சட்டியைப் பிடித்த கை சுடுவது தெரிந்தது.

ஜீப்புக்குள்ளிருந்து ராமுத்தாய்தான், “கிறுக்குப் பயலே, வண்டிய எடுறா” என்றாள்.

ஒத்திகை பார்க்க முதல் வரியில் உன் பேரைப் போட்டு வைத்திருந்தாயாம். அதைத் தாண்டத்தான் அந்த எழுத்தாம். ஒரு நாள்கூடக் கூடை கட்டிக் காய் எடுக்காதவன், போன பிறகு வேலைக்கு வருகிறாய்.

மதுரைத் தம்பி போனில் சொல்லச் சொல்ல மற்றதைச் சரிசெய்துவிட்டார்கள். அந்த வரி மட்டும் பாக்கி. செத்தவன் பேரைத் தன் கையால் அழிக்க ஆபீஸில் ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. பெற்றவள் வாயால் சொன்னால் பாவம் இல்லையாம்.

இது சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஜீப்புக்குப் பதினைந்து பேர்தான். நீ ஒரு இடம் பிடித்தால் கடைசிப் பேர் விழுந்துவிடுகிறது. லிஸ்டில் இல்லாத ஆளை மேலே கங்காணி சேர்ப்பதில்லை. அப்படி விழுந்தவள் சிலமலை ஊர்ப் பொன்னுமணி. புருசன் விட்டுப்போனவள், ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாலு நாளாக நடந்து வந்து நடந்தே திரும்புகிறாள். நேற்று என்னிடம் வந்து, “சின்னாத்தா, அண்ணன் மேல எனக்கு வருத்தம் இல்ல” என்றாள்.

ஆபீசுக்குப் போனேன். “அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்க, அழிச்சிர்றோம்” என்றார் வேலுச்சாமி. அழிச்சிருங்க என்று சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து பொன்னுமணி மலைக்குப் போவாள். ஆத்தா மேல் கோபப்படாதே.

எந்த ஊரில் இருந்தாலும் வயிறாரச் சாப்பிடு. குளிரில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள். தங்கச்சி கேட்டதாகச் சொன்னாள்.

உன் ஆத்தா,
கருத்தம்மாள்

பின்குறிப்பு: அழிக்கச் சொன்னேன் என்று எழுதியது பொய். மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேலுச்சாமியும் தலையைக் குனிந்துகொண்டு சரிக்கா என்றார். கன்னையனுக்கு இப்போது விசயம் தெரியும். ஆரன் அடிப்பதில்லை. பேர் இருக்கிறதே என்று வாசலில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் போகிறான். நானும் வெளியே போய் நிற்கிறேன். அந்த நேரம் பொன்னுமணி ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து திரும்புகிறாள். நாளைக் காலையில் வேலுச்சாமி மறுபடி கேட்பார். என்ன சொல்லட்டும், அப்பு?