பெஞ்ச் இருக்கு

பதினாலாம் நம்பர் பஸ்ஸின் கடைசி இருக்கையில், மனைவியின் கறுப்புக் கண்ணாடியும் புருவம் வரை இறக்கிய தொப்பியுமாகப் பதுங்கியிருந்தார் அப்பா. நாலு வரிசை முன்னால் அவருடைய இருபத்திரண்டு வயது மகன், கழுத்தில் தொங்கிய, போகும் வழி எழுதிய அட்டையைப் பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தான்.

ஏழாவது நிறுத்தத்தில் நூலகம். ஒன்பதரைக்குள் தனியாகப் போய்ச் சேர்ந்தால் புத்தகம் அடுக்கும் வேலை அவனுக்கு. இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இன்றும் தவறினால் அந்த வேலை அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

"நீங்க பின்னால போகவே கூடாது சார்" என்று ஆட்டிசம் பயிற்சி மையத்து டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பாவும் தலையாட்டியிருந்தார். தலையாட்டுவதற்கு என்ன கஷ்டம்? "அவனைத் தனியா விடக் கூடாது" என்று இருபத்திரண்டு வருஷமாக அவர் போட்ட பாட்டு, வீட்டுச் சுவருக்கே மனப்பாடம்.

முதல் தடவை செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது நிறுத்தத்தில் பையன் திடுதிப்பென்று இறங்கி, அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அடுத்த தடவை கூட்டத்துக்குள் ஒளிந்து நின்றபடியே வந்தார். முழங்கால் விண்விண்ணென்று தெறித்ததுதான் மிச்சம். அதே நிறுத்தம், அதே பெஞ்ச்.

"ஏண்டா கண்ணா இறங்கினே?" என்று அம்மா கேட்டாள்.

"பெஞ்ச் இருக்கு."



பெஞ்ச்தான் வில்லன் என்று முடிவுகட்டினார் அப்பா. அட்டையில் கடைசி வரியாக, 'பெஞ்சில் உட்காரக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அட்டையில் உள்ளதை அட்சரம் பிசகாமல் செய்கிற பிள்ளை அவன்.

"ஏங்க, ஏறினதுலேருந்து அந்தத் தம்பியையே முறைக்கிறீங்க?" பக்கத்து இருக்கை அம்மாள் குரலை உயர்த்தினாள். "யாரு நீங்க?"

"மெதுவாப் பேசுங்கம்மா. நான் அவன் அப்பா."

"அப்பாவா இருந்தா எதுக்கு லேடீஸ் கண்ணாடி?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மகன் மட்டும் திரும்பவில்லை. அப்பா சட்டென்று இருக்கைக்குக் கீழே குனிந்தார். மடங்கிய முழங்கால் நிமிர மாட்டேன் என்றது.

மூன்றாவது நிறுத்தம் வந்தது. இறங்காதேப்பா, இறங்காதே என்று உள்ளுக்குள் கெஞ்சினார். அவருக்கு அறுபத்தெட்டு. தனக்குப் பிறகு அவனுக்கு என்ன இருக்கிறது, இந்த ஒரு வேலையை விட்டால்?

பையன் எழுந்தான். கண்டக்டரிடம் ஒரு நிமிஷம் நின்றான். இறங்கினான். பெஞ்சில் உட்காரவில்லை. அதைக் காலியாக விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

வேலை போயிற்று. அப்பா கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. நொண்டி நொண்டி முன்னால் வந்தார்.

"அட்டையில இல்லாததை அவன் செய்யவே மாட்டான் சார்" என்றார் கண்டக்டரிடம். "ஏன் இங்கேயே இறங்கித் தொலைக்கிறான்?"

"அட்டையில இருக்கே சார், பின்பக்கம். அவரே எழுதி வெச்சிருக்காரு. மூணு தடவையும் எனக்குக் காட்டிட்டுத்தான் இறங்கினாரு: 'அப்பா பின்னால் வருகிறார். அவருக்கு முழங்கால் வலி. அவரைத் தனியா விடக் கூடாது.'"