பதினாலாம் கேள்வியும் பச்சைச் செற்றியும்

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல்லுப் பொய் இருந்தால் லோறன்ஸ் வீதியில் ஓடுகிற அத்தனை பஸ்ஸும் வரிசையாக வந்து என்மேல் ஏறட்டும். பஸ் பிந்தித்தான் வரும் என்பது வேறு கதை, சத்தியம் சத்தியம்தான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் குடியிருந்த செல்வரட்ணத்துக்குக் கலியாண வெள்ளிவிழா வந்தது. என்ன வேண்டும் என்று மனைவி கிளடிசைக் கேட்டார். கேட்டது பிழை. அவள் அடுப்புக்கு மேலே தொங்கிய கலண்டரைக் காட்டினாள்.

அந்தக் கலண்டர், செல்வரட்ணம் மிசிசாகாவில் கூட்டித் துடைக்கிற கந்தோரின் குப்பைத் தொட்டியில் கிடந்தது. அயர்லாந்தின் நாட்டுப்புறம், மாதத்துக்கு ஒரு படம். ஜனவரியில் கூர்த்தலை வைத்த வட்டக் கோபுரம். மார்ச்சில் கூரையில்லாத மடம். ஜூலையில் ஏரிக்கரையில் ஒரு கோட்டை. இடையில் எங்கே பார்த்தாலும் சாந்து பூசாமல் கல்லுக்கு மேல் கல்லு அடுக்கிய மதில்கள். வருஷம் முடிந்து இரண்டு வருஷமாகியும் கிளடிஸ் அதைக் கழற்றவில்லை.

"எனக்கு உந்த இடங்களைப் பாக்கவேணும்," என்றாள். "சொந்தக்காரர் இல்லாத ஊர். ஒருக்கா எண்டாலும் செற்றியிலை இராமல் ஒரு ஊர் பாக்கவேணும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இருவரும் இலண்டனுக்குப் பத்து நாள் போய்ப் பதினொரு வீட்டுச் செற்றியில், அதுதான் சோபாவில், இருந்தார்கள். பாரிசில் எட்டு நாள், ஒன்பது செற்றி. அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தையும் பார்த்தார்கள்தான்: மச்சான் வீட்டு ரீவீயில், அவர் மகளின் பிறந்தநாள் வீடியோவில், கேக்குக்குப் பின்னால். ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல் விட்டால் இருபது வருஷக் கோபம். கோட்டைக்குப் போகாமல் விட்டால் கோட்டை ஒன்றும் சொல்லாது. போதாக்குறைக்கு, சீதனமாக வந்த பச்சை றெக்சின் செற்றியைச் சண்டைக்குள் தீவிலிருந்த வீட்டில் போட்டுவிட்டு ஓடிவந்தவள் கிளடிஸ். அதன்பிறகு இருந்ததெல்லாம் அடுத்தவன் செற்றி.

ஆகவே செல்வரட்ணம் வாக்குக் கொடுத்தார். அவர்களிடம் இருந்தது அகதிகளுக்கான பயணப் புத்தகம். அதில் 'பயண நோக்க உறுதிப்படுத்தற் பணிமனை' முத்திரை குத்த வேண்டும். படிவத்தில் பதினாலாம் கேள்வி: செல்லும் நாட்டில் உள்ள உறவினரின் பெயர், முகவரி. செல்வரட்ணம் "ஒருவரும் இல்லை" என்று எழுதினார். மூன்று கிழமையில் கடிதம் வந்தது. "விண்ணப்பதாரிக்கு மேற்படி நாட்டில் உறவினர் இல்லாமையால் அங்கு செல்வதற்குக் காரணம் இல்லை எனவும், காரணம் இருப்பின் உறவினரின் பெயரைத் தருமாறும் இத்தால் அறியத்தரப்படுகிறது."

அந்தப் பணிமனையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் குலசிங்கம். நல்ல மனுசன். செல்வரட்ணத்தை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லும்படி கேட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கவோ? அங்கேயே நின்றுவிடவோ? இடம் பார்க்க என்று செல்வரட்ணம் சொன்னபோது குலசிங்கத்துக்கு உண்மையாகவே மனம் நொந்துபோனது.

"அண்ணை, என்னட்டையுமே மறைக்கிறியள்? ஒரு சித்தப்பாவைப் போடுவம். ஆரும் போய்ப் பாக்கப் போறேல்லை."

"வேண்டாம் தம்பி. சித்தப்பா இருந்தால் செற்றியும் இருக்கும்."

விஷயம் மேலிடத்துக்குப் போனது. மேலிடம் என்பது மிசிஸ் பிளெற்சர். இருபத்திரண்டு வருஷ சேவை, முகத்தில் சிரிப்புக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. செல்வரட்ணம் கலண்டரை உருட்டி அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போனார். அவர் பக்கம் பக்கமாகப் பிரட்டிக் காட்ட, அவள் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதினாள். இடிந்த சுவரைப் பார்க்க ஒரு மனிதன் ஏன் விமானத்தில் போகவேண்டும் என்று கேட்டாள். இடியாத சுவரைத் தினமும் துடைக்கிறேன் என்றார் செல்வரட்ணம். அதை எழுதப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

கடைசியில் விதிப்புத்தகத்தில் ஒரு வழி கிடைத்தது. உறவினர் இல்லாதவர், இடிபாடுகளில் தமக்கு முன்னரே ஆர்வம் இருந்தமையை எழுத்தாலோ படத்தாலோ நிரூபிக்கலாம்.

"இடிஞ்ச கட்டடப் படம் ஏதும் வைச்சிருக்கிறியளோ எண்டு கேக்கிறா," என்றார் குலசிங்கம்.

செல்வரட்ணம் பேர்சைத் திறந்தார். பங்குச் சுவாமி தீவிலிருந்து எடுத்து அனுப்பிய படம் ஒன்று அதில் மடங்கிக் கிடந்தது. நாலு சுவர், கூரை இல்லை, யன்னலுக்குள்ளால் ஒரு மரம், முன்னறையில் ஒரு ஆடு.

மிசிஸ் பிளெற்சர் கண்ணாடியை மாற்றிப் போட்டாள். நெடுநேரம் பார்த்தாள்.

"வலு வடிவாம். எந்த நூற்றாண்டு எண்டு கேக்கிறா." குலசிங்கம் மொழிபெயர்த்தார்.

"இந்த நூற்றாண்டுதான் எண்டு சொல்லு. எழுபத்திரண்டிலை குடிபூந்தனாங்கள்."

குலசிங்கம் அதை விழுங்கிவிட்டு, பழையது என்று மட்டும் சொன்னார். பராமரிப்பது யார் என்பது அடுத்த கேள்வி. துவக்கோடு இரண்டு பேர் இரவு பகலாக வாசலில் நிற்கிறார்கள் என்றார் செல்வரட்ணம், அதுவும் உண்மை. ஆயுதம் தாங்கிய காவல் கலண்டரில் இருந்த கோட்டைக்குக்கூட இல்லை. மிசிஸ் பிளெற்சர் எழுந்து நின்று முத்திரை குத்தினாள். படத்தின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கினாள்.

போனார்கள். ஏழு நாள். வட்டக் கோபுரத்தைச் சுற்றி மூன்று தரம் நடந்தார்கள்; அதன் வாசல் நிலத்திலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் இருந்ததால் வீட்டுக்காரர் யாரும் உள்ளே வரச் சொல்லமாட்டார்கள் என்று கிளடிசுக்குப் பெரிய நிம்மதி. புனிதக் கிணற்றடி மரத்தில் அந்த ஊர்ச் சனம் நேர்த்திக்குத் துணி கட்டியிருந்தது. கிளடிசும் கைலேஞ்சியைக் கிழித்து ஒரு துண்டு கட்டினாள். மழையில் நனைந்து கோட்டை பார்த்தார்கள். வயலோரத்தில் ஒரு கமக்காரன் மனைவி இரங்கிக் கூப்பிட்டு உள்ளே இருக்கச் சொன்னபோது, கிளடிஸ் வாசலிலேயே நின்றுகொண்டு தேத்தண்ணி குடித்தாள்.

வந்த பிறகுதான் வினை. அந்த வருஷம் ரொறன்ரோத் தமிழருக்கு இடிபாடு பார்ப்பது நாகரிகமாகிவிட்டது. நகரோரத்து ரூஜிலிருந்து புதுவீட்டுக்காரர் எல்லாம் படிவம் போட்டார்கள். ஆளாளுக்குக் கூரையில்லாத வீட்டுப் படம் ஒன்று கையில் இருந்தது, அதற்குப் பஞ்சமில்லை. "இச்சமூகத்தினர் இடிபாடுகளில் பரம்பரை ஆர்வம் உள்ளவர்கள்" என்று பணிமனை சுற்றறிக்கை விட்டது. அதற்குள் அயர்லாந்தில் எங்கடை ஆள் ஒருவர் கோபுரத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கிவிட்டார். போகிற எல்லோரும் அவர் செற்றியில் இருந்துதான் யன்னலால் கோபுரம் பார்த்தார்கள்.

செல்வரட்ணத்தின் வீட்டுப் படத்தைப் பெருப்பித்துப் பணிமனைச் சுவரில் மாட்டினார்கள். தினம் அதைப் பார்த்துப் பார்த்து மிசிஸ் பிளெற்சருக்கு ஆசை முற்றிவிட்டது. தானும் லீவு எடுத்து, தீவுக்குப் போக விண்ணப்பித்தாள். அங்கிருந்து பதில் வந்தது: உறவினர் இல்லாமையால் காரணம் இல்லை.

ஒரு சனிக்கிழமை அவள் குலசிங்கத்தோடு வெக்ஸ்போர்ட்டுக்கு வந்து, மிகவும் தயங்கி, தன்னைச் சொந்தம் என்று எழுதித் தருவார்களா என்று கேட்டாள். செல்வரட்ணம் யோசிக்கவில்லை. 'மச்சாள்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

மச்சாள் போய் வந்தாள். கிளடிஸ் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தாள். முன்னறை எப்படி, யன்னல் மரம் எவ்வளவு உயரம், எல்லாம் கேட்டாள். மிசிஸ் பிளெற்சர் தலையைக் குனிந்துகொண்டாள். காவற்காரர் அன்பானவர்களாம். செல்வரட்ணத்தின் மச்சாள் என்றதும் சுற்றிப் பார்க்க விடாமல், முன்னறையில் தகரத்தால் மறைத்த மூலையில் இருத்தி மூன்று தரம் தேத்தண்ணி கொடுத்தார்களாம். வேறொன்றும் பார்க்கவில்லை.

"எதிலை இருத்தினவை?"

"ஒரு செற்றியிலையாம்," என்றார் குலசிங்கம். "பச்சை. ஒரு கால் கட்டை, கீழை செங்கல்லு வைச்சிருந்ததாம்."

"வலப்பக்கக் கால்," என்றாள் கிளடிஸ்.

கிளடிஸ் எழுந்து மச்சாளுக்கு இன்னொரு தேத்தண்ணி போடப் போனாள்.

திங்கட்கிழமை காலை செல்வரட்ணம் பணிமனை வாசலில் நின்றார். தீவுக்கு, இரண்டு பேர், இடம் பார்க்க. குலசிங்கம் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்து பேனாவை நிறுத்தினார்.

"அண்ணை, கோவியாதேங்கோ. பதினாலாம் கேள்வி. அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

செல்வரட்ணம் சுவரில் தொங்கிய தன் வீட்டைப் பார்த்தார்.

"ஒரு செற்றி இருக்கு எண்டு எழுது."

இவ்வளவுதான் நடந்தது. ஆர் சொன்னது என்று கேட்டால் மட்டும் என்ரை பேரை எடுத்துப்போடாதேங்கோ. என்ரை படிவமும் அந்த மேசையிலைதான் கிடக்குது.