ஆறு கோளாறு

வண்டியில் மாட்டிய ஸ்கேனர் மூன்றாம் முறையும் அதையேதான் சொன்னது: கோளாறு இல்லை.

"யார்கிட்ட கதை விடற?" என்று ஸ்கேனரையே அதட்டினார் மீட்டர்.

ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு அதுதான் பெயர். மல்டிமீட்டர் இல்லாத கையோடு அவரை யாரும் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக் காலிங்பெல்லையே அளந்து பார்த்து, "கரண்ட் கம்மியா வருது" என்று குறை சொன்ன மாப்பிள்ளை அவர்.

இன்றைக்கு அவருக்குப் பரீட்சை. தேறினால் ஹைப்ரிட் பிரிவுக்குத் தலைமை மெக்கானிக். பேப்பர், பேனா எல்லாம் கிடையாது. பயிற்சி சார் ஒரு வண்டியில் திருட்டுத்தனமாக ஒரு கோளாறை வைத்துவிடுவார். சாப்பாட்டு வேளைக்குள் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

"கியர்பாக்ஸுக்குப் போற எலெக்ட்ரிக் சர்க்யூட்ல ஒண்ணு வச்சிருக்கேன். வெள்ளை வண்டி. போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, சார் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் போனால் பதவி மச்சினனுக்கு. மனைவியின் தம்பிதான். ஸ்பேனர் பிடிக்கக்கூட இவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவன் போன வாரமே இதே பரீட்சையில் தேறிவிட்டு, 'மாமா என்ன ஆகிறார் பார்ப்போம்' என்று அடக்கமாகக் காத்திருந்தான். அந்த அடக்கம்தான் மீட்டருக்கு வயிற்றெரிச்சல். மாமா தோற்றால் மறுநாளிலிருந்து அவனை 'சார்' என்று கூப்பிட வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் கூப்பிட்டுத் தொலைக்கலாம். வீட்டில் அவன் அக்கா இருக்கிறாளே!

ஒருவேளை பயிற்சி சார் கோளாறே வைக்காமல் விளையாடுகிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. சேச்சே, அவ்வளவு நல்ல மனுஷன் இல்லையே அவர்.

டிரைவர் சீட்டில் முதுகுக்கு ஒரு தலையணைகூட இருந்தது. "கஸ்டமர் வண்டி மாதிரியே தெரியணும்னு என்ன ஜோடனை பாரு" என்று மீட்டர் வியந்துகொண்டார்.

ரப்பர் கையுறையை மாட்டினார். பெரிய பேட்டரியின் பாதுகாப்புப் பிளக்கைப் பிடுங்கி, கரண்ட் முழுக்க இறங்கும்வரை காத்திருந்தார். ஹை வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு ஒயரோடு விளையாடினால் நேராகச் சுவரில் போட்டோதான். பிறகு கியர்பாக்ஸுக்குப் போகும் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தார். எல்லாம் சுத்தம். வெறுத்துப்போய்த் திரும்ப மாட்டும்போது ஒரு கனெக்டர் முரண்டு பிடித்தது. உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. உட்கார்ந்துவிட்டது.

பிளக்கைப் போட்டு ஸ்கேனரைப் பார்த்தார். கியர்பாக்ஸ் மோட்டார் சென்சார், சர்க்யூட் அறுந்திருக்கிறது!

"மாட்டினியா!"

அதே கனெக்டரைக் கழற்றி டார்ச் அடித்தார். உள்ளே ஒரு பின் வளைந்திருந்தது. "அடேங்கப்பா, எவ்வளவு நுணுக்கமா வளைச்சு வச்சிருக்காரு!" ஊசியால் நிமிர்த்தினார். பின் ஒடிந்து கையில் வந்தது. பழைய வண்டி ஒன்றிலிருந்து கனெக்டரைக் கொண்டுவந்து, ஒயரை வெட்டி ஒட்டுப் போட்டார். இப்போது ஸ்கேனர் இரண்டு கோளாறு என்றது.

"ஒண்ணுன்னுதானே சொன்னாரு?"

இரண்டு ஒயர் இடம் மாறியிருந்தது. "இதையும் மாத்தி வச்சிருக்காரா! கிராதகன்!" என்று மாற்றி ஒட்டினார். மூன்று. சென்சாரையே பார்த்துவிடலாம் என்று கியர்பாக்ஸின் பக்க மூடியைத் திறந்தார். எண்ணெய் முழுக்கத் தரையில் கொட்டியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால் பூதத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதானே? கட்டினார். ஸ்கேனரில் கோளாறு ஆறாக ஏறியது. டேஷ்போர்டில் இருந்த விளக்கெல்லாம் எரிந்தது. வண்டி பார்க்கிங் கியரை விட்டு நகர மாட்டேன் என்றது. ஹாரன் மட்டும், யாரும் கேட்காமலே, விட்டு விட்டு அடித்தது.

சத்தம் கேட்டு மச்சினன் ஓடி வந்தான்.

"மாமா, என்னாச்சு?"

"பக்கத்துல வராதே, பரீட்சை நடக்குது. உனக்கு எத்தனை கோளாறு வச்சாரு?"

"ஒண்ணுதான் மாமா. கனெக்டரை லேசா உருவி விட்டிருந்தாரு."

"எனக்கு ஆறு!"

"ஆறா?" மச்சினன் முகம் வெளுத்தது. "இது அநியாயம் மாமா. வாங்க, சார்கிட்ட நானே கேக்கறேன்."

மீட்டர் அவன் தோளில் தட்டினார். பயலைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே!

"வேணாம்டா. ஆறையும் கண்டுபிடிச்சாச்சு, நாலு சரி பண்ணியாச்சு. ஆறுக்கு நாலுன்னா பாஸ் மார்க்குக்கு மேலயே வருது. உனக்கு ஒண்ணு, எனக்கு ஆறுன்னா என்ன அர்த்தம்? என் தரம் அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

மச்சினன் கண்ணில் உண்மையான மரியாதை தெரிந்தது. அந்தச் சூட்டோடு மீட்டர் மனைவிக்குப் போன் போட்டார்.

"முடிஞ்சுதாங்க?" என்றாள் அவள். "அது என்ன ஹாரன் சத்தம்?"

"அது வெற்றிச் சங்குன்னு வச்சுக்கோ. நாளையிலேர்ந்து உன் தம்பி என்னைத்தான் சார்னு கூப்பிடணும்."

"நிஜமாவா? எனக்குத் தெரியுங்க, நீங்க ஜெயிப்பீங்கன்னு!" அவள் குரல் தழுதழுத்தது. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. மீட்டர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வண்டி கழுவும் அக்கா ஒரு கையில் பக்கெட்டும் மறு கையில் ஹோஸுமாக வந்து நின்றாள். கொட்டியிருந்த எண்ணெயைப் பார்த்தாள். வெளியே எடுத்து வைத்த மூடியையும், தொங்கும் ஒயர்களையும் பார்த்தாள்.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"பரீட்சைம்மா! ஆறு கோளாறு! எந்த ஒர்க்‌ஷாப்லயும் எவனும் கண்டுபிடிக்காதது!"

அவள் பக்கெட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஐயோ அண்ணே, இது பயிற்சி சாரோட சொந்த வண்டி, கழுவற இடத்துல இடமில்லைன்னு நான்தான் இங்க விட்டேன்... உங்க பரீட்சை வண்டி, அதுவும் வெள்ளைதான், காலையிலேர்ந்து பின்னாடி ஷெட்ல சும்மா நிக்குதே!"