தானாகச் சுத்தமான வயல்

ஒரு காட்டில், அதாவது வரைபடத்தில் மட்டும் இன்னும் பச்சையாக இருக்கிற ஒரு காட்டில், கோமளா என்றொரு முயல் கீரை பயிரிட்டுக் குட்டிகளை வளர்த்துவந்தாள். வாய்க்காலின் மேற்பக்கம் கரடியார் பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை வைத்திருந்தார். பட்டறை கழுவிய தண்ணீர்தான் கோமளாவின் வயலுக்குப் பாசனம். அதில் ஈயம் வந்தது. கீரை என்னவோ தளதளவென்றுதான் வளர்ந்தது. கேடெல்லாம் தின்கிறவர்களுக்கு.

மண் ஆய்வாளர் நரி வருஷா வருஷம் வருவார். முதல் வருஷமே வயலில் ஒரு கல்லை நட்டுவிட்டு, அந்தக் கல்லோரத்தில் மட்டுமே மண் எடுப்பார்.

"இடம் மாத்தினா ஒப்பிட முடியாதும்மா. காலப்போக்குல மண்ணு எப்படி மாறுதுன்னு பாக்கணும்ல?" என்பார்.

மாறத்தான் செய்தது. ஈயம் ஏறிக்கொண்டே போனது.

"இன்னும் கொஞ்சம் ஏறுச்சுன்னா வயலுக்கு சீல் வச்சுருவாங்க" என்றார் ஒருமுறை.

"பட்டறைக்கு சீல் வைக்கக் கூடாதாய்யா?"

"அது வேற டிபார்ட்மென்ட்டும்மா."

கோமளா பாவம், என்ன செய்வாள்? மலை உச்சியிலிருந்து நல்ல மண்ணைக் கூடையில் சுமந்துவந்து, கல்லோரத்து மண்ணைத் தோண்டியெடுத்துவிட்டு அதை நிரப்பினாள். ஒரேயடியாக மாற்றினால் சந்தேகம் வருமே என்று வருஷத்துக்குக் கொஞ்சமாக மாற்றினாள். கெட்டிக்காரி. நரியின் வரைபடத்தில் கோடு அழகாகக் கீழே இறங்கியது. நரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கரடியாருக்குப் பட்டறையைப் பெரிதாக்க அனுமதி கிடைத்தது.

கோமளாவுக்கு மனச்சாட்சி இல்லாமலில்லை. தன் குட்டிகளுக்கு மட்டும் கல்லோரத்தில் தனியாகக் கீரை போட்டாள். "அந்தப் பக்கத்துக் கீரைல ஒரு இலை கடிச்சீங்க, தோலை உரிச்சிருவேன்" என்று காதைத் திருகிச் சொல்லிவைத்தாள். மற்றதெல்லாம் சந்தைக்குப் போயிற்று. அதை வாங்குகிறவர்கள் யாரோ எவரோ.

கோடு இறங்கிய விஷயம் சிங்கராஜாவின் காதுக்கு எட்டியது. "தானாகவே சுத்தமாகிற மண்ணா! இனிமேல் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு அந்த வயல் கீரைதான்" என்று உத்தரவு போட்டார். அவர் கீரை தின்பதில்லை, அதனால் அதிகம் யோசிக்கவில்லை. விழா வைத்து கோமளாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை போர்த்திய பூரிப்பில் அவளும் யோசிக்கவில்லை.

பள்ளி திறந்த அன்று சாயங்காலம் கல்லோரத்துக் கீரையைப் பறித்துவைத்துக் குட்டிகளைக் கூப்பிட்டாள்.

"பசிக்கலம்மா. ஸ்கூல்ல நம்ம வயல் கீரை! 'உங்கம்மா வெளைய வச்சது, நல்லா சாப்பிடுங்க'ன்னு டீச்சர் எங்களுக்கு மட்டும் ரெண்டு பங்கு வச்சாங்க!"

கோமளா பறித்த கீரையை அப்படியே போட்டாள். ஓட்டமாக ஓடி நரியிடம் போய் உண்மையைக் கொட்டினாள். "ஐயா, அது மலை மண்ணுய்யா. கீரையை நிறுத்தச் சொல்லுங்க, என் புள்ளைங்க திங்குதுங்க."

நரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "சும்மா இரும்மா" என்றார் இரக்கத்தோடு. "இத்தனை வருஷம் இறங்கின கோட்டை நான் எப்படிம்மா இப்ப ஏத்துறது?"

நீதி: பரிசோதனைக்கு மண் எடுக்கும் இடத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதாது, பிள்ளைகளையும் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும்.