கோமதிநாயகம் கடையில் உட்காரக் கூடாது

நயினார் இரண்டாவது முறை தலைசுற்றி விழுந்தபோது, நல்லவேளை, வேட்டிக் கட்டுகளின் மேல் விழுந்தார். கீழ்த்தட்டிலிருந்து ஒரு கட்டை எடுக்கக் குனிந்தவர் நிமிர்ந்தார். கடை முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து அவருக்குத் தெரிந்தது மூக்குக்குள் ஏறிய புதுத்துணி வாசனைதான்.

"என்னவே, என்ன பண்ணுதேரு?" என்றார் கல்லாவில் இருந்த முதலாளி கோமதிநாயகம்.

"துணியில கறை இருக்கான்னு பாக்கேன் முதலாளி."

"மூஞ்சிய வச்சா பாக்கது?"

"கண்ணு முன்ன மாதிரி இல்ல."

முதலாளி கல்லாக் கணக்குக்குத் திரும்பினார். நயினார் மெல்ல எழுந்து, அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விழுந்தது தெரிந்தால் கதை முடிந்தது.

திருவனந்தபுரத்துச் சாலை பஜாரில் எத்தனையோ ஜவுளிக்கடை உண்டு. கோமதிநாயகம் கடைக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை வேலையாட்கள் ஒருவரும் உட்காரக் கூடாது. முன்பு அங்கே ஆறு ஸ்டூல் இருந்தன. பத்து வருஷத்துக்கு முன்னால் முதலாளி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்துவிட்டு வந்தார். வந்த அன்றைக்கே ஆறு ஸ்டூலையும் விறகுக்கடைக்கு அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் மனுஷனுக்கு மனசு இளகும் என்று பார்த்தால், இவருக்கு இறுகிவிட்டது.

அவர் மட்டும் உட்கார்ந்தே இருப்பார். வீடு கடைக்குப் பின்னாலேயே. ஆட்கள் வரும்போது கல்லாவில் இருப்பார். எல்லோரும் போனபிறகுதான் உள்ளே போவார். சரஸ்வதி பூஜைக்குச் சூடம் காட்டும்போதுகூட உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வார். பக்கத்துக் கடைக்காரர்கள் அதைக் கொழுப்பு என்றார்கள். நயினாரும் அப்படித்தான் நினைத்தார்.

போன வருஷம் செல்வமணி என்ற பையன் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் ஒரு துணி மூட்டைமேல் ஒளிந்து உட்கார்ந்திருந்தான். முதலாளி குரல் கேட்டதும் சடாரென்று எழுந்தான். அப்படியே சரிந்து விழுந்து நெற்றி உடைந்தது. "உக்காந்ததுதான் தப்பு" என்று சொல்லி, முதலாளி அன்று சாயங்கால பஸ்ஸிலேயே அவனைக் கடையநல்லூருக்கு ஏற்றிவிட்டார். "உடம்பு தேறட்டும், சொல்லி விடுதேன்" என்றார். இன்றுவரை சொல்லி விடவில்லை.

நயினாருக்கு ஐம்பத்தொரு வயது. மகள் கௌசல்யா பத்தாம் வகுப்பு, மலையாள மீடியம். தமிழ் பேசுவாள், எழுதச் சொன்னால் தன் பெயரில் முதல் எழுத்தைத் தாண்டமாட்டாள். மார்ச்சில் பரீட்சை. இந்தச் சமயத்தில் சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கு மூட்டை கட்டினால் அவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? அதை நினைத்தால் நிற்காமலே தலை சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை, கோட்டைக்குள் இருந்த டாக்டர் லலிதாம்பாளிடம் போனார். டாக்டர் அவரைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார், நூற்று முப்பது. நிற்கவைத்துப் பார்த்தார், தொண்ணூற்றைந்து.

"எழுந்து நின்னா உடம்பு ரத்தத்துல அரை லிட்டருக்கு மேல காலுக்கும் வயித்துக்கும் இறங்கிடும். எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார் டாக்டர். "கழுத்து ரத்தக்குழாய் அதைக் கண்டுபிடிச்சு மூளைக்குச் சேதி அனுப்பும். மூளை உடனே இருதயத்தை வேகமா அடிக்கச் சொல்லும், ரத்தக்குழாயையெல்லாம் இறுக்கும். ரெண்டு மூணு துடிப்புக்குள்ளயே வேலை ஆரம்பிச்சுடும். உங்களுக்கு அந்தச் சேதி லேட்டாப் போறது."

"தந்தி போறதுக்குப் பதிலா தபால்ல போகுதோ?"

"அதேதான். தண்ணி நிறையக் குடிங்கோ. உப்பு கொஞ்சம் கூட்டிக்கோங்கோ. கால்ல இறுக்கமா உறை போடுங்கோ. நிக்கறச்சே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கோ, கெண்டைக்கால் சதைதான் ரத்தத்தை மேல தள்ளும். கண்ணை இருட்டிண்டு வந்தா உடனே உட்கார்ந்துடுங்கோ."

"உக்காரத்தான் முடியாது டாக்டரம்மா."

"ஏன், மூலமா?"

"இல்ல. ஜவுளிக்கடை."

மறுநாள் தண்ணீரில் ஆரம்பித்தார். கடைக்கு வந்ததும் ஒரு செம்பு, பத்து மணிக்கு இன்னொன்று. தலை சுற்றவில்லை. ஆனால் மத்தியானத்துக்குள் ஐந்து தடவை பின்பக்கம் ஓடவேண்டி வந்தது.

"வே நயினார், பின்னால தனிக்கடை எதுவும் போட்டிருக்கேரா?" என்றார் முதலாளி.

உப்பு தண்ணீரை உடம்பில் நிறுத்தும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை சட்டைப்பையில் உப்புப் பொட்டலத்தோடு வந்தார். அவ்வப்போது ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். உப்பு தாகத்தைக் கிளப்பியது, தாகம் செம்பைக் கேட்டது, செம்பு பின்பக்கம் அனுப்பியது. போதாதற்கு, பக்கத்துக் கவுண்டரில் நிற்கும் தங்கபாண்டி அந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டான்.

"அண்ணாச்சி, இந்த வயசுல இது தேவையா? எனக்கும் ஒரு சிட்டிகை குடுங்களேன்."

"உப்புடா!"

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

புதன்கிழமை தண்ணீரையும் உப்பையும் குறைத்துக்கொண்டு குதிகாலை நம்பினார். ஓணம் நெருங்கியிருந்தது, கடையில் நல்ல கூட்டம். ஒரு அம்மாளுக்கு முன்னால் எட்டுப் புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"சேட்டனு எவிடெயெங்கிலும் போகான் திருதியுண்டோ?" என்று கேட்டுவிட்டு, எங்கோ போக அவசரப்படுகிறவரிடம் என்ன வியாபாரம் என்று பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள். முதலாளி நயினாரை உற்றுப் பார்த்தார், காலையும் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நயினார் அன்று இரவு தூங்கியிருப்பார்.

பாக்கி இருந்தது காலுறை. மருந்துக்கடையில் கேட்டால், ஆர்டர் கொடுத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். வியாழக்கிழமை காலை நயினார் கழிவுத்துணிக் குவியலில் இருந்து சாயம் போடாத இரண்டு நீளக் கோராத் துணித் துண்டுகளை எடுத்து, பின்பக்கம் போய் முழங்காலுக்குக் கீழே சுற்றிக்கொண்டார். கேட்டு எடுத்திருக்கலாம். கேட்டால் எதற்கு என்பார், எதற்கு என்று சொன்னால் சாயங்கால பஸ்.

கட்டு அருமையாக வேலை செய்தது. இரண்டு நாள் தலை சுற்றவில்லை. நயினார் பழையபடி நிமிர்ந்து நின்று, குரல் கொடுத்து வியாபாரம் பார்த்தார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, கடை கொள்ளாத கூட்டத்தில், இடதுகால் கட்டு அவிழ்ந்தது. வேட்டிக்கு அடியிலிருந்து வெள்ளையாக இரண்டு முழம் தரையில் இழுபட்டது. துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் குனிந்து அதன் நுனியை எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"இது கொள்ளாமல்லோ! மீட்டர் எத்ரயா?"

துணி நன்றாக இருக்கிறதே, மீட்டர் என்ன விலை என்று கேட்டுக்கொண்டே இழுத்தாள். இன்னும் வந்தது. நயினார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடையே திரும்பிப் பார்த்தது. துணி ஓரத்தில் கடை முத்திரை தெளிவாக இருந்தது.

"வே நயினார்" என்றார் முதலாளி. "வேட்டிக்குள்ள என்னவே?"

தங்கபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். இருபத்திரண்டு வருஷம் ஒரு கைக்குட்டை எடுத்ததில்லை நயினார். திருடன் என்றால் பேர் போகும், நோயாளி என்றால் வேலை போகும். கௌசல்யாவின் முகம் வந்தது. திருடன் மகள் என்று அவளை ஒருத்தன் சொல்வதைவிட, சங்கரன்கோவிலில் அவள் 'அ'னா 'ஆ'வன்னாவிலிருந்து படிக்கட்டும்.

"திருடல முதலாளி" என்றார். "நின்னா தலை சுத்துது. டாக்டரம்மா காலை இறுக்கிக் கட்டச் சொன்னாங்க. ஒங்ககிட்டச் சொன்னா ஊருக்கு அனுப்பிருவீங்கன்னு சொல்லல. மகளுக்குப் பரீட்சை இருக்கு."

சொல்லிவிட்டு, அவமானம் தாங்காமல் குனிந்து துணியை வாரிச் சுருட்டினார். சடாரென்று நிமிர்ந்தார். அவ்வளவுதான்.

கண் திறந்தபோது முதலாளியின் சத்தம் கேட்டது.

"தூக்காதீங்கல! உக்காத்தி வைக்காதீங்க! அப்படியே கிடக்கட்டும், காலை மட்டும் மூட்டைமேல தூக்கி வைங்க! எலே தங்கபாண்டி, இன்னும் உசத்தி!"

காலைத் தூக்கி வைத்தார்கள். இருட்டு விலகியது. தரையில் படுத்தபடியே நயினார் முதலாளியைப் பார்த்தார். அவர் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்து முன்னால் சாய்ந்தார். பிறகு மறுபடி பின்னால் சாய்ந்துவிட்டார். எட்டடி தூரத்தில் ஒரு மனுஷன் விழுந்து கிடக்கிறான், எழுந்து வரவில்லை. விழுந்த அடியைவிட அதுதான் நயினாருக்கு வலித்தது.

"யாரும் திருட்டுன்னு ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார் முதலாளி, கடை முழுக்கக் கேட்கும்படி. அப்புறம் நயினாரிடம், "கோரா நிக்காதுவே, அவுந்துரும். பனியன் துணியைக் கிழிச்சு, பாதத்துலயிருந்து மேல பாத்துச் சுத்தணும். திங்கக்கிழம வந்து வேணுங்கிறதை எடுத்துக்கிடும்."

"திங்கக்கிழமையா? அப்ப ஊருக்கு..."

"எந்த ஊருக்கு? பிள்ளைக்குப் பரீட்சைன்னு இப்பத்தானவே சொன்னேரு!"

நயினாருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் தைரியமும் வந்தது.

"முதலாளி, ஒரே ஒரு ஸ்டூல் மட்டும்..."

"ஸ்டூலா!" முதலாளி மேசையில் ஓங்கி அடித்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "நான் உசுரோட இருக்கது வரைக்கும் இந்தக் கடையில ஒருத்தன் உக்காரக் கூடாது! அந்தப் பேச்சே எடுக்காதேரும்!"

தங்கபாண்டி நயினாரைக் கைத்தாங்கலாகப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் விட்டான். முதலாளி வீட்டிலும் கடையிலும் வேலைசெய்யும் தங்கபாய் அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

நயினார் ஒரு வாய் குடித்தார். மனசு ஆறவில்லை.

"காலைத் தூக்கி வைக்கத் தெரியுது, கட்டு போடத் தெரியுது. ஒரு ஸ்டூல் போட மட்டும் மனசு வரல பாத்தியா! அவரு மட்டும் நாள் முழுக்க உக்காந்திருக்கலாம். கல்நெஞ்சு தங்கபாய், சுத்தக் கல்நெஞ்சு."

தங்கபாய் வாளியிலிருந்து நீளமாக ஒரு பனியன் துணிப் பட்டையை எடுத்துப் பிழிந்து, அதே மாதிரி இன்னொன்று ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்த கொடியில் போட்டாள்.

"பத்து வருசமா அவருக்கக் காலுல கட்டுத இந்தத் துணியை நான்தான் தொவைக்கேன் அண்ணாச்சி, ஸ்டூலுலயிருந்து எழும்பும்போதான் அவரு விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாரு, உக்கார விடாம வச்சிருந்தா கடையில ஒருத்தனும் விழமாட்டான்னுதான் அந்த மனுசன் ஆறையும் வெறகுக்குக் குடுத்தாரு."